"பில் வேணுமா, விலை வேணுமா?" கொழும்பில் கடை நடத்துகிறவர்களும் வரியும்: உங்கள் அனுபவம் என்ன?

புறக்கோட்டைக் கணக்குப்பிள்ளை:

கொழும்பில் சின்னச் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. வரியைப் பற்றி முதலாளிமார் வாயால் கேட்டதையும் கண்ணால் கண்டதையும் எழுதுகிறேன். உங்களிடமும் இருந்தால் எழுதுங்கள், கடைப் பெயர், ஆள் பெயர் மட்டும் வேண்டாம்.

வியாபாரி என்றாலே வரி கட்ட மனமில்லாதவன் என்று பொதுவாக ஒரு பேச்சு இருக்கிறது. அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், நிறையவே இருக்கிறார்கள். ஆனால் கட்டுவோம் என்று மனதளவில் தயாராகி, பக்கத்துக் கடையை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பின்வாங்கியவர்களைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு ஹாட்வெயார் கடை. குழாய், பெயின்ட், வயர், பூட்டு, ஆணி. நாளுக்கு இரண்டு லட்சம் விற்றால் மாதத்தில் 25 நாளைக்கு 50 லட்சம், வருடத்துக்கு 6 கோடி. வருடத்தில் இவ்வளவுக்கு மேல் விற்றால் வற், அதாவது பெறுமதி சேர் வரிக்குப் பதிய வேண்டும் என்று ஓர் எல்லை உண்டு, 2024 ஜனவரியில் அதையும் இதே 6 கோடி ஆக்கினார்கள். அதற்கு முன் 8 கோடியாக இருந்தது, அதற்கும் முன் 2020 ஜனவரியில் ஒரேயடியாக 30 கோடிக்கு உயர்த்தி இவரைப் போன்ற ஆட்களை எல்லாம் வெளியே விட்டிருந்தார்கள். 6 கோடி என்றதும் பெரிய கோடீஸ்வரர் என்று நினைக்காதீர்கள், வாடகை, கூலி, கரண்ட் எல்லாம் போக அவர் கையில் நிற்பது நூற்றுக்கு ஐந்தோ ஆறோதான்.

அவர் சாமான் எடுக்கப் பழைய சோனகத் தெருவுக்குப் போனபோது நானும் கூடப் போனேன். கவுண்டரில் இருந்த பொடியன் தலையை நிமிர்த்தாமலே கேட்டான்: "அண்ணே, பில் வேணுமா, விலை வேணுமா?" பில் என்றால் 18 சதவீத வற்றோடு ஒரு விலை. விலை என்றால் ஒரு வெள்ளைத் துண்டில் பேனையால் மொத்தத்தை மட்டும் எழுதித் தருவார்கள், அதில் திகதியும் இருக்காது, கடையின் பெயரும் இருக்காது.

இப்போது கணக்கைப் பாருங்கள். பதிவு செய்த கடைக்காரர் 100 ரூபாச் சாமானை வற்றோடு 118க்கு வாங்கி, தன் லாபம் ஆறு ரூபாவைச் சேர்த்து வற்றோடு 125க்கு விற்கிறார். வாங்கும்போது கொடுத்த 18ஐக் கழித்துவிட்டு அரசுக்குக் கட்ட வேண்டியது ஒரு ரூபாச் சொச்சம்தான். காகிதத்தில் பார்த்தால் அவருக்குச் சுமையே இல்லை. இதன் மேல் எஸ்.எஸ்.சி.எல். என்கிற சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி வேறு இருக்கிறது, விற்பனையில் பாதிக்கு 2.5 சதவீதம், அதில் கழிவும் கிடையாது, அதை இப்போதைக்கு விடுங்கள். எதிர்க்கடைக்காரர் துண்டில் வாங்கித் துண்டிலேயே 106க்கு விற்கிறார். குழாய் வாங்க வரும் மேசன் பாஸ் எந்தக் கடைக்குப் போவார்? அதிலும், பதிவு செய்தவர் ஆசைப்பட்டுத் துண்டில் வாங்கிவிட்டால் கழிக்க அவரிடம் ஒன்றுமே இருக்காது, விற்றதன் மேல் உள்ள 19 ரூபாவும் அப்படியே தலையில் விழும்.

இதனால்தான் ஒரே கடைக்குள் மூன்று வியாபாரம் நடக்கிறது. பெயின்ட் முதலாளி பெயரில், குழாய் மனைவி பெயரில், மின்சாரச் சாமான் மைத்துனர் பெயரில், ஒவ்வொன்றின் விற்பனையும் வற் எல்லைக்குள் நிற்கும். கல்லாப்பெட்டி மட்டும் ஒன்று. நான் இதைச் சரியென்று சொல்லவில்லை. ஹாட்வெயார்க்காரருக்கும் அந்த யோசனையைச் சொல்ல ஆட்கள் வந்தார்கள். அவர் என்னிடம் சொன்னது இதுதான்: "தம்பி, நான் கட்டுறன். முன்னால இருக்கிறவர் கட்டுறாரோ எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லும்."

கடைசியில் பதிந்தார், ஆனால் என் பேச்சைக் கேட்டு இல்லை. கட்டிட வேலை எடுக்கும் ஒரு கம்பனி, வற் பற்றுச்சீட்டு இல்லாமல் இனி சாமான் எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டது, அவர்களுக்கும் கழிக்க அது தேவை. இப்போது மேசன்மார் குறைவு, கம்பனிகள் கூட. கடை நிற்கிறது.

வெள்ளவத்தைத் தையல்காரி:

நீங்கள் சொல்லும் 6 கோடி எல்லாம் எனக்குக் கனவு. காலி வீதியில் இருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் பிளவுஸ் தைக்கிறேன், கூட இரண்டு பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். எனக்கு வருவது வருமான வரி மட்டும். தையிலும் ஆவணியிலும் மூச்சு விட நேரமில்லை, ஆடியிலும் மார்கழியிலும் மெஷினுக்கு எண்ணெய் விடுவதுதான் வேலை. வருடத்தைக் கூட்டிப் பார்த்தால் 18 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டும். 2025 ஏப்ரலில் இருந்து அந்த 18 லட்சம் வரைக்கும் வரி இல்லை, முன்பு 12 லட்சமாக இருந்தபோது இதைவிடக் கூடக் கட்டினேன்.

டின் என்கிற வரி இலக்கம் எடுத்து வரி ஃபைல் திறந்த நேரம் பக்கத்துப் பார்லர் அக்கா கேட்டார், "உமக்கென்ன விசரே, அவங்கள் தேடி வந்தாலும் கதவைச் சாத்துற காலத்தில நீர் தேடிப் போறீர்?" அவவிடம் கணக்கைச் சொன்னேன். 20 லட்சம் வந்தால் 2 லட்சத்துக்கு மட்டும்தான் வரி, முதல் 10 லட்சத்துக்கு 6 சதவீதம், அப்போ வருடத்துக்கு 12,000 ரூபா. ஆரி வேலை போட்ட ஒரு கல்யாணப் பிளவுஸின் கூலி அவ்வளவு வரும். அதற்கு வருடம் முழுக்க ஒளிந்து திரிய வேண்டுமா? அவ நம்பவில்லை. ஃபைல் திறந்தால் வீட்டை எழுதி எடுப்பார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தா. பயம்தான் பெரிது, காசு இரண்டாவது.

நான் பெரிய நேர்மைக்காரி என்று இதை எழுதவில்லை. எம்பிராய்டரி மெஷினுக்கு லோன் கேட்டபோது பாங்கில் வருமான வரிக் கணக்கைக் கேட்டார்கள், என்னிடம் இருந்தது. பார்லர் அக்காவுக்கு நகையை அடகு வைக்க வேண்டி வந்தது. ஒரு கேள்வி, வரியை ஒரே தடவையாகக் கட்டுவதா, பிரித்துக் கட்டுவதா? யாராவது திகதியோடு சொல்லுங்கள்.

நாலாம் குறுக்குத் தெரு:

சீனி, பருப்பு, மிளகாய் மொத்த வியாபாரம், வாப்பாவின் கடை. எங்கள் வாப்பாவைப் போல ஒரு நாணயக்காரரை நான் கண்டதில்லை, இது மகன் என்பதற்காகச் சொல்லவில்லை. ரமழான் வந்தால் கல்குலேட்டரோடு உட்காருவார். ஸ்டோரில் உள்ள மூட்டை, வெளியே நிற்கிற கடன், வாய் திறந்து பாதி விற்ற மிளகாய்ச் சாக்கு உட்பட எல்லாம் எண்ணி ஸக்காத் இரண்டரை சதவீதத்தைச் சதக் கணக்கில் பிரித்து வைப்பார். அதே மனிதர் அரசாங்கத்துக்குக் காட்டுவது வேறு கணக்குக் கொப்பி. எஸ்.எஸ்.சி.எல். வந்தபோது நான் சிரித்துக்கொண்டே சொன்னேன், "வாப்பா, இதுவும் இரண்டரைதான்." அவர் சிரிக்கவில்லை. "மகன், ஸக்காத் யார்ட கைக்குப் போகுதெண்டு எனக்குத் தெரியும்" என்றார்.

இதற்கு நான் பதில் சொல்ல முடியாமல் போனது சீனி விஷயத்தால். 2020 அக்டோபரில் சீனிக்கு இருந்த விசேட பண்ட வரியை கிலோவுக்கு 50 ரூபாவில் இருந்து 25 சதத்துக்கு இறக்கினார்கள். எங்கள் தெருவில் சீனி விற்கிற எவருக்கும் தெரியும், சனங்களுக்கு அந்த விலை இறங்கவில்லை. வாப்பா அன்றைக்குச் சொன்னார், "நாங்க சில்லறைக்குப் பொய் சொல்றோம். மேல உள்ளவங்க கெஸட்டில எழுதியே எடுக்கிறாங்க."

ஆனாலும் வாப்பாவின் நியாயத்தை நான் முழுசா ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் கடையில் மூட்டை தூக்குகிற நாட்டாமிமார் வாங்கும் சவர்க்காரத்திலும் போன் ரீலோடிலும் வரி இருக்கிறது, அவர்களுக்கு இரண்டாம் கொப்பி கிடையாது. 2022இல் மருந்து இல்லாமல் ஆஸ்பத்திரிகள் திண்டாடியபோது முதலில் அடிபட்டதும் அவர்கள்தான். இதைச் சொன்னால் வீட்டில் இரண்டு நாளைக்குப் பேச்சு இருக்காது. சொல்லித்தான் இருக்கிறேன்.

மாதச் சம்பளக்காரன்:

எல்லாம் சரி. என் சம்பளம் என் கண்ணுக்குத் தெரிய முன்னமே ஏபிஐடி என்கிற சம்பள வரி கழிந்துவிடுகிறது, மேல்பகுதிக்கு 36 சதவீதம். 2023இல் டொக்டர்மார், பாங்க் ஆட்கள், கம்பஸ் ஆட்கள் எல்லாம் தெருவில் இறங்கினார்கள், அப்போது எந்தக் கடைக்காரராவது கூட வந்தாரா? நான் முடி வெட்டுகிற சலூனில் பில்லும் இல்லை, கார்டும் எடுக்க மாட்டார்கள், முதலாளி வந்து இறங்குகிற வாகனத்தை நான் ஜென்மத்தில் வாங்க மாட்டேன். பக்கத்துக் கடை கட்டவில்லை என்ற கதை எல்லாம் என்னிடம் வேண்டாம். எனக்குப் பக்கத்துக் கடை நீங்கள்தான்.

வெள்ளவத்தைத் தையல்காரி:

தம்பி, கோபம் நியாயம்தான். ஆனால் ஒன்று கேட்கிறேன், உங்கட வீட்டு ஆட்கள் பிளவுஸ் தைக்கக் கொடுக்கும்போது பில் கேட்டார்களா, இல்லை "கையில காசு தாறன், கொஞ்சம் குறையுங்கோ அக்கா" என்றார்களா? எனக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஒஃபிசில் வேலை செய்கிறவர்கள், சம்பள வரியைத் திட்டிக்கொண்டேதான் இந்தக் கதையையும் சொல்வார்கள்.

மாதச் சம்பளக்காரன்:

மனிசியிடம் கேட்டேன். பதில் இங்கே எழுதுகிற மாதிரி இல்லை.

பம்பலப்பிட்டிப் பசிக்காரன்:

கடைக்காரர் கட்டாமல் விடுவது ஒரு வகை, கட்டாததை எங்களிடம் வாங்குவது இன்னொரு வகை. இரவுச் சாப்பாட்டுக்குப் போன ஓர் இடம், பெயர் சொல்லவில்லை. கொத்து, டெவல்ட் சிக்கன், ஐஸ்கிரீம். பில்லில் சேர்விஸ் சார்ஜ் 10 சதவீதம், அதன் கீழே வற் 18 சதவீதம். வற் பதிவு இலக்கம் எங்கே என்று பார்த்தேன், இல்லை. கல்லாவில் கேட்டால் ஒன்பது இலக்கத்தில் ஏதோ காட்டினார்கள். அது வெறும் டின். வற் பதிவு இருந்தால் அந்த டின்னுக்குப் பின்னால் ஒரு கோடு போட்டு 7000 என்று முடியும். இறைவரித் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இலக்கத்தைப் போட்டு யாரும் பார்க்கலாம், பதிவுச் சான்றிதழும் கடையில் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் தொங்க வேண்டும்.

போனை எடுத்துத் தேடத் தொடங்கியதும் மனேஜர் ஓடி வந்தார். "சிஸ்டம் பிழை அண்ணா" என்று 18 சதவீதத்தைக் கழித்துப் புதுப் பில் தந்தார். பக்கத்து மேசைக்குப் போன பில்லை எட்டிப் பார்த்தேன், அதில் சிஸ்டம் இன்னும் பிழையாகத்தான் இருந்தது. அந்த மேசைக்கும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன், மனேஜர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். சேர்விஸ் சார்ஜ் என்பது வரி அல்ல, அது கடை போடுகிற காசு, அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

புறக்கோட்டைக் கணக்குப்பிள்ளை:

தையல் அக்கா, பிரித்துத்தான் கட்ட வேண்டும். வரி வருடம் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. தவணை ஆகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15. மிச்சம் இருந்தால் செப்டம்பர் 30க்குள், கணக்கு ஒப்படைப்பது நவம்பர் 30க்குள். 12,000 என்றால் தவணைக்கு 3,000தான். முதல் தவணை ஆடி முடிகிற நேரம் வரும், அதை முன்னமே எடுத்து வையுங்கள், ஆடியில் தேடினால் கிடைக்காது.

சம்பளக்காரத் தம்பிக்கு: உங்கள் கோபத்தில் எனக்குப் பெரும்பாலும் சம்மதம். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். அந்த ஹாட்வெயார்க்காரர் பதிந்த பிறகு அதிகாரிகள் வந்தார்கள், பழைய கணக்கெல்லாம் கேட்டார்கள், அவரும் ஃபைல்களைத் தூக்கி வந்து மேசையில் வைத்தார். எதிர்க்கடை ஷட்டர் அன்றைக்குப் பாதி இறங்கி இருந்தது, அவர்கள் போனதும் மேலே போனது. அங்கே யாரும் போகவில்லை. பட்டியலில் பெயர் உள்ளவரைத்தான் தேடி வர முடிகிறது, பெயர் கொடுத்தவருக்குத்தான் அந்தத் தொல்லை.

2026 வரவுசெலவுத் திட்டத்தில் வற் எல்லையை 6 கோடியில் இருந்து 3 கோடி 60 லட்சத்துக்கு இறக்க முன்மொழிந்தபோது தெரு முழுக்க ஒப்பாரி. சின்ன வியாபாரியைக் கொல்கிறார்கள் என்று என்னையும் பிடித்துத் திட்டினார்கள், நான்தான் பட்ஜெட் போட்டது மாதிரி. ஹாட்வெயார்க்காரர் மட்டும் போன் எடுத்து, "தம்பி, அப்ப முன்னுக்கு இருக்கிறவரும் உள்ளுக்கை வருவாரோ?" என்று கேட்டார். விற்பனையை ஒழுங்காகக் காட்டினால் வருவார் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, பெயின்ட் லொறி வந்துவிட்டது, பிறகு எடுக்கிறேன் என்று போனை வைத்துவிட்டார்.