ஐந்து மெஷின் லைனுக்கு சிமுலேஷன் தேவையா, எக்செல் போதாதா?

எக்செல்தாசன்:
ஐந்து மெஷின், ஒவ்வொன்றிலும் பீஸுக்கு 60 விநாடி. ஷிப்ட் நேரத்தை வகுத்தால் உற்பத்தி எவ்வளவு என்று தெரிந்துவிடும். இதற்கு மாதக்கணக்கில் கணினியில் லைனைப் போலவே ஓடும் சிமுலேஷன் மாடல் கட்டி, திரையில் பெட்டி நகர்வதைக் காட்டி மேலாளரை மயக்குவது எதற்கு? எல்லாம் புது மோகம்.

கியூதியரி:
புது மோகமா? 1961-லேயே ஐபிஎம்மில் ஜெஃப்ரி கார்டன் ஜிபிஎஸ்எஸ் என்ற சிமுலேஷன் மொழியை எழுதிவிட்டார்.

சரி, கணக்குக்கு வருவோம். வகுத்தால் மணிக்கு 60. ஒவ்வொரு மெஷினும் 95 சதவீத நேரம்தான் ஓடும் நிலையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இடையில் பஃபரே, அதாவது பீஸ்கள் காத்திருக்கும் இடமே, இல்லாவிட்டால், ஒன்று நின்றால் எல்லாம் நிற்கும். 0.95-ஐ ஐந்து முறை பெருக்கினால் 77 சதவீதம், அதாவது மணிக்கு 46 சொச்சம். பஃபருக்கு வரம்பே இல்லையென்றால் 57. நிஜ லைன் இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். எங்கே என்பது பஃபர் எத்தனை பீஸ் தாங்கும், ஒரு ரிப்பேர் எவ்வளவு நேரம் இழுக்கும் என்பதைப் பொறுத்தது. ரிப்பேர் 20 நிமிடம், பஃபரில் 5 பீஸ் என்றால் ஐந்தே நிமிடத்தில் அடுத்த மெஷின் பட்டினி. இதை எக்செல்லில் போட்டுக் காட்டுங்கள், பார்ப்போம்.

எக்செல்தாசன்:
அந்த 95-ம் 20-ம் எங்கிருந்து வந்தன? ஏதாவது ஒரு பழுதுப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். எல்லாம் 10, 15, 30 நிமிடம். 7 என்றோ 23 என்றோ ஒரு வரி இருக்காது. ஷிப்ட் முடிவில் ஞாபகத்திலிருந்து எழுதியது. சென்சார் முன்னால் பீஸ் சாய்ந்து, ஆபரேட்டர் கையால் தட்டி நேராக்குகிற 40 விநாடி பதிவிலேயே இருக்காது. நாளெல்லாம் நடப்பது அதுதான். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

ஷிப்ட்_பி:
பதிவேடு எழுதுகிற ஆள் நான். அவர் சொல்வது நிஜம் :) ஆனால் அந்த 40 விநாடி உங்கள் எக்செல்லிலும் இல்லையே சார்?

கியூதியரி:
அதேதான். மாடல் 54 என்று சொல்லி லைன் 49 கொடுத்தால், எதையோ விட்டுவிட்டோம் என்றாவது தெரியும். ஸ்டாப்வாட்சோடு போய் நிற்கலாம்.

எக்செல்தாசன்:
யார் போய் நிற்கிறார்கள்? ரிப்பேர் நேரத்தைக் கொஞ்சம் ஏற்றி 49 வர வைத்துவிடுவார்கள். நான் பார்த்த ஒரு மாடலை ஒரே ஒரு ரேண்டம் சீடில் (தற்செயல் எண்களுக்கான தொடக்க எண்), ஒரே ஒரு தடவை ஓட்டியிருந்தார்கள். லைன் காலியாகத் தொடங்கிய நேரத்தையும் சராசரியில் சேர்த்திருந்தார்கள். அதை நம்பி கன்வேயர் நீளத்தை முடிவு செய்தார்கள்!

கியூதியரி:
அது கட்டியவர் தப்பு. வார்ம்-அப் நேரத்தை வெட்டிவிட்டு, வெவ்வேறு சீடில் பல முறை ஓட்டி, ஒற்றை எண்ணாக இல்லாமல் இத்தனையிலிருந்து இத்தனை வரை என்று சொல்ல வேண்டும்.

ஷிப்ட்_பி:
எங்கள் கேள்வி சின்னது. நான்காவது மெஷினுக்கு முன்னால் 10 பீஸ் நிறுத்த இடம் விடலாமா, 30-ஆ?

எக்செல்தாசன்:
முதலில் ஒரு வாரம் நிறுத்தங்களை மெஷினை இயக்கும் கன்ட்ரோலரான பிஎல்சியிலிருந்து நேரடியாக எடுங்கள். அப்புறம் அந்த ஒரு மெஷினுக்கு மட்டும் ஓட்டிப் பாருங்கள். முழு லைனுக்கும் மாடல் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கியூதியரி:
நான்காவதை மட்டும் எப்படித் தனியாக ஓட்டுவது? அதற்குப் பீஸ் வருவதே மூன்றாவதிலிருந்துதானே.