புதுப்பிப்பு: அணி இல்லாமல் ஓட்டிய பந்தயம்

ஐம்பதைத் தாண்டிய நான், சைக்கிள் பந்தயத்தில் வியூகம் வகுத்து ஓட்டும் இளைஞர் அணிகளைத் தனியாளாக எப்படிச் சமாளிப்பது என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். ஞாயிறன்று பந்தயம் முடிந்தது.

நீலச் சட்டை அணியில் ஒருவன் முன்னே பாய்ந்தான்; மற்றவர்கள் கூட்டத்தின் முன்வரிசையை அடைத்து வேகத்தைக் குறைத்தார்கள். அவனைத் துரத்தும் தனியாள்தான் களைத்துப்போவான். தங்கள் ஆள் முன்னே இல்லாத இன்னொரு அணிக்குத்தான் துரத்தும் கட்டாயம். அவர்களுடைய பின்சக்கரத்துக்கு ஒரு முழம் பின்னால் ஒட்டிக்கொண்டேன். அந்தக் காற்று மறைவில் உழைப்பு ஏறத்தாழ கால் பங்கு மிச்சம்! பக்கக்காற்று அடித்த பாலத்தில் மட்டும் மறைவான பக்கத்துக்கு நகர்ந்தேன். அங்கேதான் பலர் கழன்றுபோனார்கள்.

ஆறாம் இடம். மனம் நிறைந்திருக்கிறது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பயிற்சி செய்யும் என் வயதுக்காரர்கள் யாரேனும் உண்டா? அடுத்த பந்தயத்தை இருவராக ஓட்டலாம்.