டு-வுக்குப் பிறகு ‘ஹிம்’ எப்போது, ‘ஹிம்செல்ஃப்’ எப்போது?

கரும்பலகை கேட்டது:

ஆங்கில இலக்கண வகுப்புக்காக ஒரு சந்தேகம். ‘செல்ஃப்’ என்று முடியும் சொல் எழுவாயைத் திரும்பிச் சுட்டும் என்றுதான் சொல்லிக்கொடுக்கிறோம். இந்த இரண்டையும் பாருங்கள்.

‘ரவி ஆஸ்க்ட் குமார் டு பிஹேவ் ஹிம்செல்ஃப்.’
‘ரவி ப்ராமிஸ்ட் குமார் டு பிஹேவ் ஹிம்செல்ஃப்.’

முதலாவதில் ஹிம்செல்ஃப் குமாராம், இரண்டாவதில் ரவியாம். விடைக்குறிப்பு அப்படிச் சொல்கிறது. இரண்டிலும் எழுவாய் ரவிதானே? இன்ஃபினிட்டிவ் (‘டு பிஹேவ்’ போல டு-வோடு வரும் வினை) வந்தால் விதி மாறிவிடுமா? கூடவே இன்னொன்று: ‘ஹி ஃபர்காட் டு டேக் த அம்ப்ரெல்லா வித் ஹிம்’ என்பதில் ஏன் ஹிம்செல்ஃப் வரவில்லை?

---

வினையெச்சம்:

விடைக்குறிப்பு சரி. விதியும் மாறவில்லை. எந்த எழுவாய் என்பதில்தான் குழப்பம். வாக்கியத்தின் முதலில் நிற்கும் எழுவாயை மறந்துவிடுங்கள். இன்ஃபினிட்டிவுக்குச் சொந்தமாக ஒரு எழுவாய் உண்டு, அது வெளியே தெரியாது, அவ்வளவுதான். செல்ஃப் அதைத்தான் பார்க்கும்.

கண்டுபிடிக்கும் வழி: ‘டு’வுக்கு முன்னால் வாக்கியத்தை வெட்டுங்கள். பின்பாதியை மட்டும் வைத்து ‘இதைச் செய்யவேண்டியது யார்?’ என்று கேளுங்கள். வந்த பெயரைப் போட்டுத் தனி வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள். ஒழுங்காக நடக்கவேண்டியது குமார், ஆகவே ‘குமார் பிஹேவ்ஸ் ஹிம்செல்ஃப்’. இரண்டாவதில் வாக்குக் கொடுத்தவன் ரவி, நடக்கவேண்டியவனும் அவனே.

ஆஸ்க், டெல், அட்வைஸ், ஃபோர்ஸ், அலவ், பர்சுவேட், ரிமைண்ட், வான்ட் எல்லாம் ஒரே கட்சி. நடுவில் ஓர் ஆள் இருந்தால் அந்த ஆள்தான் செய்பவர். இல்லாவிட்டால் முதல் எழுவாய்: ‘ஷீ வான்ட்ஸ் டு டிஃபெண்ட் ஹெர்செல்ஃப்.’ பக்கத்தில் ஆள் இருந்தும் முதல் எழுவாயைப் பிடிப்பது ப்ராமிஸ் மாதிரி வெகு சில வினைகள்தான். உண்மையில் ப்ராமிஸோடு ஆளையும் டு-வையும் சேர்த்து எழுதினால் ஆங்கிலேயர் சிலருக்கே காது உறுத்தும். ‘ரவி ப்ராமிஸ்ட் குமார் தட் ஹி வுட் பிஹேவ்’ என்று எழுதிவிடுவார்கள். அதைத் தேர்வில் கேட்பது கொஞ்சம் குறும்பு.

‘ஃபார்’ போட்டு ஆளைச் சொன்னால் அவரே செய்பவர்: ‘இட் இஸ் ஹார்ட் ஃபார் தெம் டு ஃபர்கிவ் தெம்செல்வ்ஸ்.’ ஆளே இல்லாமல் பொதுவாகச் சொன்னால் பேச்சில் யுவர்செல்ஃப், எழுத்தில் வேண்டுமானால் வன்செல்ஃப்.

---

தெற்குவீதி:

மேலே சொன்னது சரியாக இருந்தும் நம் பிள்ளைகள் தவறுவதற்குக் காரணம் ‘தன்னை’. அது வேலி தாண்டும், செல்ஃப் தாண்டாது.

‘அப்பா என்னிடம் தன்னை ஸ்டேஷனில் இறக்கிவிடச் சொன்னார்.’ தமிழில் துளிகூடப் பிசகில்லை. தன்னை என்பது இன்ஃபினிட்டிவைத் தாண்டிப் போய் அப்பாவைத் தொடுகிறது. இதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் ‘ஃபாதர் ஆஸ்க்ட் மீ டு ட்ராப் ஹிம்செல்ஃப்’ என்று வரும். தவறு. இறக்கிவிடுபவன் நான், அதனால் அந்த இடத்தில் வரக்கூடிய ஒரே செல்ஃப் மைசெல்ஃப். அப்பாவைச் சொல்ல வெறும் ‘ஹிம்’ போதும்.

இப்போது இந்த இரண்டையும் வகுப்பில் பலகையில் எழுதுங்கள்:

ரவி குமாரிடம் தன்னை அறிமுகப்படுத்தச் சொன்னான்.
ரவி குமாரிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளச் சொன்னான்.

முதலாவதைக் கேட்டதும் ரவியைத்தான் அறிமுகப்படுத்த வேண்டும் என்று தோன்றும்: ‘டு இன்ட்ரட்யூஸ் ஹிம்’. இரண்டாவதில் குமார் தன் பெயரைச் சொல்ல வேண்டும்: ‘டு இன்ட்ரட்யூஸ் ஹிம்செல்ஃப்’. வித்தியாசத்தைக் காட்டியது ‘தன்னை’ அல்ல, ‘கொள்’. ஆகவே ஹிம்செல்ஃபுக்கு நேரான தமிழைத் தேடுபவர்கள் வினையின் வாலைப் பார்க்க வேண்டும்.

ஆனால் ‘கொள்’ வந்த இடமெல்லாம் செல்ஃப் போட்டுவிடாதீர்கள். கற்றுக்கொள்வது லேர்ன், அவ்வளவே. ‘ட்ரை டு ரிலாக்ஸ் யுவர்செல்ஃப்’, ‘ட்ரை டு கான்சென்ட்ரேட் யுவர்செல்ஃப்’ இரண்டிலும் கடைசிச் சொல்லை அடித்துவிடலாம். ஷேவ், ட்ரெஸ் போன்றவையும் தனியே நிற்கும். எதிர்ப்பக்கமும் உண்டு. ‘ஐ வான்ட் யூ டு எஞ்ஜாய்’ என்று நாம் நிறுத்திவிடுகிறோம், அங்கே யுவர்செல்ஃப் வேண்டும். ‘டு அவெய்ல் த லீவ்’ நம் அலுவலகங்களில் ஓடுகிறது, பொது வழக்கில் ‘டு அவெய்ல் ஹிம்செல்ஃப் ஆஃப் த லீவ்’.

மரியாதையால் வரும் பிழை ஒன்று: மேடையில் ஒரே ஒரு விருந்தினரைப் பார்த்து ‘வி ரிக்வெஸ்ட் யூ டு இன்ட்ரட்யூஸ் யுவர்செல்வ்ஸ்’ என்பார்கள். ‘நீங்கள்’ மனதில் பன்மையாக ஓடுகிறது. ஆங்கிலத்தில் தலையை எண்ண வேண்டும். ஒருவர் என்றால், அவர் எவ்வளவு பெரியவரானாலும், யுவர்செல்ஃப்.

---

பிழைதிருத்தி:

குடைக் கேள்வியை எல்லாரும் தாண்டிப் போய்விட்டார்கள். இடத்தைக் காட்டும் முன்னிடைச்சொல்லுக்கு (வித், பிஹைண்ட் போன்றவை) பின், வேறு யாரையும் குறிக்க வழியில்லாதபோது, ஆங்கிலம் ஹிம், யூ போன்ற சாதாரணப் பிரதிப்பெயரையே வைக்கும். ‘டேக் இட் வித் யூ’, ‘ஹி டர்ன்ட் டு க்ளோஸ் த டோர் பிஹைண்ட் ஹிம்.’ தமிழிலும் பேச்சில் ‘குடையைக் கையோடு எடுத்துப் போ’ என்றாலே போதுமே, அது மாதிரி. ஆனால் வினையோ பெயரடையோ அந்த முன்னிடைச்சொல்லைக் கேட்டு வாங்கினால் செல்ஃப் கட்டாயம்: ‘டு பி ப்ரவுட் ஆஃப் ஹிம்செல்ஃப்’, ‘டு டாக் டு ஹிம்செல்ஃப்’.

செல்ஃபின் இன்னொரு வேலை அழுத்தம் கொடுப்பது. ‘ஐ வான்ட் டு குக் மைசெல்ஃப்’ என்றால் ‘நானே சமைக்கிறேன்’ என்றும் எடுக்கலாம், என்னையே கொதிக்கும் எண்ணெயில் போடப்போகிறேன் என்றும் எடுக்கலாம். நடுவில் ஒரு ‘இட்’ அல்லது ‘டின்னர்’ போட்டால் உயிர் தப்பலாம். அலுவலக மின்னஞ்சலில் ‘ஃபீல் ஃப்ரீ டு கான்டாக்ட் மைசெல்ஃப்’ என்று பார்த்தால் சிவப்பு மையை எடுங்கள். தொடர்புகொள்ளப்போவது நீங்கள், மைசெல்ஃபுக்கு அங்கே ஆளில்லை. ‘மீ’ மரியாதைக் குறைவான சொல் அல்ல.

டு-வுக்கு முன்னாலும் செல்ஃப் வரும். அப்போது முதல் வினையின் எழுவாயைப் பார்க்க வேண்டும்: ‘ஹி ஃபோர்ஸ்ட் ஹிம்செல்ஃப் டு ஈட்’, ‘ஐ குட் நாட் ப்ரிங் மைசெல்ஃப் டு டெல் ஹெர்’, ‘ஷீ பிலீவ்ஸ் ஹெர்செல்ஃப் டு பி ரைட்’. இதைப் பார்த்து ‘ஷீ வான்ட்ஸ் ஹெர்செல்ஃப் டு வின்’ என்று எழுதக் கூடாது. ‘ஷீ வான்ட்ஸ் டு வின்’ தான்.

---

கரும்பலகை:

நன்றி. வெட்டும் முறையைச் செயப்பாட்டு வினையில் போட்டுப் பார்த்தேன், தடுமாறுகிறது. ‘த பாய்ஸ் வேர் டோல்ட் பை த வார்டன் டு கீப் … க்ளீன்.’ டு-வுக்குப் பக்கத்தில் நிற்பவர் வார்டன். அப்படியானால் ஹிம்செல்ஃபா?

---

வினையெச்சம்:

இல்லை, தெம்செல்வ்ஸ். பக்கத்தில் நிற்பவர் யார் என்று நான் கேட்கச் சொல்லவில்லை, செய்யவேண்டியவர் யார் என்றுதான் கேட்கச் சொன்னேன். வார்டன் சொன்னவர், பிள்ளைகள் சொல்லப்பட்டவர்கள். ‘பை’ தொடரைப் பென்சிலால் அடித்துவிட்டுப் படியுங்கள். ‘சீம்’, ‘அப்பியர்’ வரும்போதும் இதே பொறிதான்: ‘குமார் அப்பியர்ட் டு ரவி டு பி ப்ளேமிங் ஹிம்செல்ஃப்’ என்பதில் ரவி வெறும் பார்வையாளன். பழியைச் சுமப்பவன் குமார்.