மறுமொழி: போர்நெறி வழுவாமை – தற்காப்புத்துறை ஒப்பந்ததாரர்கள்

வணக்கம். 'Law of war compliance – defence contractors' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற இழையில், தலைப்பில் உள்ள என் மொழிபெயர்ப்புக்கு வந்த கேள்விகளுக்குப் பதில் இது.

> 'பாதுகாப்பு ஒப்பந்ததாரர்களின் போர்ச் சட்ட இணக்கம்' என்றே வைத்துக்கொள்ளலாமே?

வேண்டாம் ஐயா. இங்கே மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் பாதுகாப்பு ஒப்பந்ததாரர் என்றால் பேங்குக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஜாகா (காவல்) ஆள் அனுப்புகிறவர். நம் நாட்டில் அமைச்சின் பெயரே தற்காப்பு அமைச்சு. ஆகவே 'தற்காப்புத்துறை'. தமிழக நண்பர்களுக்குக் கராத்தே ஞாபகம் வரும், வரட்டும்.

'போர்ச் சட்டம்' அதைவிட மோசம். 1948 ஜூன் 16இல் எங்கள் வட்டாரத்தில்தான் மூன்று தோட்டத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையடுத்து பிரிட்டிஷ் ஆட்சி அறிவித்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது. இந்தச் சொல்லை அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "முள்வேலி போட்டு, அரிசியை அளந்து கொடுத்தானே, அதுவா?" என்று கேட்டார். அது ஆட்சி மக்களைக் கட்டிய கட்டு. நாம் பேசுவது படையைக் கட்டும் கட்டு. யாரைத் தாக்கக்கூடாது, பிடிபட்டவரை எப்படி நடத்துவது என்று 1949இன் நான்கு ஜெனிவா ஒப்பந்தங்கள் சொல்கின்றனவே, அது. இந்த இழையில் ஆசிரியை அம்மா சொன்ன 'போரறம்' காதுக்கு இனிக்கிறது. ஆனால் அறம் தவறினான் என்று யாரையும் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது. 'போர்நெறி' நடுவில் நிற்கிறது.

இணக்கம் என்றதும் எனக்குத் தொழிற்சங்கமும் தோட்ட நிர்வாகமும் உட்கார்ந்து ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதுதான் கண்ணில் வருகிறது. இங்கே விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. 'நெறி வழுவாமல்' என்பது ஏற்கெனவே நம் வாயில் இருக்கும் வழக்கு.

> வழு என்றால் கணினியில் பக் (bug). செயற்கைக்கோள் மென்பொருள் எழுதும் இடத்தில் குழம்பாதா?

குழம்பும். அதனால் குற்றத்தைக் குறிக்க 'வழு' வேண்டாம், 'மீறல்' இருக்கட்டும். அமெரிக்கத் தற்காப்புத் துறையின் 2020ஆம் ஆண்டுக் கட்டளைப்படி, மீறல் நடந்திருக்கலாம் என்று தோன்றும் சம்பவத்தை ஒப்பந்த ஊழியரும் தெரிவிக்க வேண்டும். அங்கே 'வழு அறிக்கை' என்று எழுதினால் புரோகிராமர்தான் ஓடிவருவார்.

> ஒப்பந்ததாரருக்குக் கங்காணி என்றே போடலாம், நம்ம சொல் :)

சிரித்தேன். அப்புறம் யோசித்தேன். தோட்டத்துக்கு ஆள் பிடிப்பதும் விரட்டுவதும் கங்காணி பாடு, தலைக்காசும் (ஆளுக்கு இவ்வளவு என்ற கமிஷனும்) அவருக்கு. ஏதாவது நடந்து கேட்கப்போனால் துரை "கங்காணியைக் கேள்" என்பாராம், தாத்தா சொல்வார். (1938இல் இந்திய அரசு ஆள் அனுப்புவதைத் தடுத்ததோடு அந்த ஆள்பிடிப்பு படுத்துவிட்டது.) போர்நெறியில் இந்தக் கைகழுவல் நடக்காது. தனியார் நிறுவனத்தை அமர்த்திவிட்டதால் அரசின் கடப்பாடு போய்விடாது என்று 2008இன் மொந்த்ரே ஆவணம் (போரில் இறங்கும் தனியார் படை நிறுவனங்களைப் பற்றிப் பல நாடுகள் ஏற்றுக்கொண்டது) நினைவூட்டுகிறது. விண்வெளியில் இன்னும் கறார்: 1967 விண்வெளி ஒப்பந்தத்தின் 6ஆம் பிரிவுப்படி, தனியார் செய்தாலும் பொறுப்பு நாட்டுக்கு, அனுமதி கொடுத்தால் மட்டும் போதாது, தொடர்ந்து மேற்பார்வையும் பார்க்க வேண்டும். துரையைத் தப்பவிடாத சட்டத்துக்குத் துரையைத் தப்பவிட்ட சொல் எதற்கு?

'கூலிப்படை'யும் வேண்டாம். படைக்குச் சாமான் கொண்டுபோகும் ஒப்பந்ததாரர் படையின் அனுமதியோடு போய்ப் பிடிபட்டால், மூன்றாம் ஜெனிவா ஒப்பந்தப்படி போர்க்கைதிக்குரிய நடத்தை உண்டு. ஜெனிவா ஒப்பந்தங்களோடு சேர்த்த 1977 முதல் கூடுதல் நெறிமுறையில் கூலிப்படையாளுக்கு அந்த உரிமை இல்லை.

ஒன்று பாக்கி. அக்கா மகன் விமான உதிரிபாகம் கடையும் பட்டறையில் இருக்கிறான். பெரிய நிறுவனம் ஏற்றுக்கொண்ட நிபந்தனை, துணை ஒப்பந்தம் துணை ஒப்பந்தமாக இறங்கி இவன் மேசைவரை வந்துவிடுகிறது. அப்படி இறங்கிவரும் நிபந்தனைக்கு என்ன சொல்? 'வழிவிதி' என்று எழுதி அடித்துவிட்டேன், தலைவிதி மாதிரி இருக்கிறது. யாருக்காவது தோன்றினால் இதே இழையில் எழுதுங்கள்.