பாலோக் கடற்கரையில் கைட்சர்ஃபிங் கற்கும்போது கைட்டின் கயிறு (லைன்) காலில் சுற்றிக்கொண்டது, உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா?

தோக்கோங்காரன்:
பெரிய பட்டம் (கைட்) இழுக்க, போர்டில் நின்று கடலில் சறுக்கும் கைட்சர்ஃபிங் கற்கப் பாலோக் போய்வந்து வாரக்கணக்கில் ஆகிவிட்டது. இன்னும் படுக்கும்போது வலது கெண்டைக்காலைத் தடவிப் பார்த்துக்கொள்கிறேன். காயம் ஒன்றும் இல்லை.

கரையில் டிரெய்னர் கைட் என்ற சின்னப் பயிற்சிப் பட்டம், தண்ணீரில் போர்டு இல்லாமல் கைட் ஆளை இழுத்துப் போகும் பாடி டிராக் எல்லாம் முடிந்து, போர்டைக் கையில் கொடுக்கும் கட்டம். வடகிழக்குப் பருவக்காற்று நேரத்தில் குவாந்தான் பக்கம் எப்படியிருக்கும் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும், காற்றோடு அலையும் சேர்ந்து வரும். பயிற்சியாளர் என்னை மார்பளவு தண்ணீரில் விட்டுவிட்டு அடுத்த மாணவரிடம் போய்விட்டார். காற்று சட்டென்று ஓய்ந்தது. பன்னிரண்டு மணியில், அதாவது தலைக்கு நேர் மேலே நின்ற கைட் என்னைத் தாண்டிப் போய், இழுப்பே இல்லாமல் குப்புற விழுந்தது.

லைன் எல்லாம் தளர்ந்துவிட்டது. அடுத்த அலை என்னை அதன் மேலேயே தள்ளியது. கெண்டைக்காலில் ஏதோ உரசியது, ஓபோர்-ஓபோர் (ஜெல்லி மீன்) என்றுதான் நினைத்தேன். கையை விட்டுத் துழாவினால் லைன். முழங்காலுக்குக் கீழே ஒரு சுற்று. மறுமுனையில் 12 சதுர மீட்டர் கைட், காற்றடித்த முன்விளிம்பு தண்ணீரில் மோதி மோதி ஆடுகிறது. ஒரு ஓரம் எழும்பினால் போதும், காற்று பிடித்து லைன் விறைத்துவிடும். டைனீமா இழையாலான லைன் 200 கிலோவுக்கு மேல் தாங்கும், என் சதை தாங்காது.

முழங்காலை மடக்கி, சுற்றைக் கீழே தள்ளிக் குதிகால் வழியாக உருவினேன். நியோபிரீன் பூட்ஸின் பின் ஓரத்தில் மாட்டிக்கொண்டது. அடுத்த அலை தலைக்கு மேல் போகிறது, நான் தண்ணீருக்குள் நகத்தால் ரப்பரை நெம்பிக்கொண்டிருக்கிறேன். கழன்றது. கழன்ற மறுநொடி அதே லைன் "விர்ர்" என்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு விறைத்தது. அந்தச் சத்தம்தான் போகமாட்டேன் என்கிறது.

கரைக்கு வந்து சொன்னேன். பயிற்சியாளர் சிரித்தார். "நார்மல் லா, பாஸ்." பள்ளியின் பெயர் வேண்டாம். இது நிஜமாகவே நார்மலா?

பேராய்மணி:
நார்மல்தான். கைட் விழும், லைன் தளரும், அலை தள்ளும். இதில் அதிசயம் என்ன? எனக்கு செராத்திங் கடற்கரையில் ஹார்னஸ் (இடுப்புப் பட்டை) கொக்கியிலேயே சுற்றியது, கைட்டின் இழுப்பை அவசரத்தில் விடுவிக்கும் ரிலீஸை அடித்தேன், கைட் ஒற்றை லைனில் கொடி மாதிரி படுத்துவிட்டது, சோலி முடிந்தது. ரிலீஸை ஏன் அடிக்கவில்லை என்பதுதான் என் கேள்வி.

தோக்கோங்காரன்:
மணி அண்ணே, ரிலீஸ் அடித்தால் மொத்த இழுப்பும் அந்த ஒற்றை லைனுக்குப் போகிறது. காலில் இருந்தது எந்த லைன் என்று கலங்கிய தண்ணீரில் எனக்கு எப்படித் தெரியும்? அதுவாகவே இருந்திருந்தால்?

பிஜேமலர்:
தோக்கோங்காரன் செய்தது சரி என்று எனக்குப் படுகிறது. தளர்ந்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் கையால் கழற்ற முடியும், விறைத்த பிறகு கத்திதான். ஆனால் "நார்மல்" என்று சிரித்ததை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், மார்பளவு அலையில் புதியவரைத் தனியாக விட்டது யாராம்?

நான் கற்றது இலங்கையில், கல்பிட்டி வாவியில். தண்ணீர் இடுப்பளவு, அலையே கிடையாது. சொல்லிக்கொடுத்த தம்பி மீன்பிடிக் குடும்பம், பக்கத்திலேயே நடந்து வந்தான். என் தொல்லை வேறு. பயம் வந்தால், கைட்டை ஓட்டப் பிடிக்கும் தடியான பாரை நெஞ்சோடு இழுத்துப் பிடித்துக்கொள்வேன். பாரை இழுத்தால் கைட்டுக்கு இன்னும் பலம் கூடும், என்னை இன்னும் வேகமாக இழுக்கும், நான் இன்னும் இறுக்கிப் பிடிப்பேன். ஆற்றில் கைலி அலசுகிற மாதிரி என்னை முக்கி முக்கி எடுத்தது. வாயெல்லாம் உப்பு. தம்பி, "அக்கா, ரெண்டு கையையும் விடுங்க" என்று கத்தினான். விட்டேன். பார் நழுவி மேலே போனது, இழுப்பு அப்படியே அறுந்தது, கைட் தலைக்கு மேலே சும்மா மிதந்துகொண்டிருக்கிறது! இதைப் பற்றிக்கொண்டா இத்தனை நேரம் போராடினேன் என்று சிரிப்புதான் வந்தது.

அன்றைக்கே தண்ணீரிலிருந்து போர்டில் எழும்பி நிற்கும் வாட்டர் ஸ்டார்ட் வந்துவிட்டது. பின்னால் சாய்ந்து உட்கார்ந்து, முழங்காலை மடக்கி, பன்னிரண்டிலிருந்து இரண்டு மணிப் பக்கம் கைட்டைப் பாயவிட்டால் அதுவே தூக்கி நிறுத்துகிறது. பத்து மீட்டர் போயிருப்பேன், முகம் குப்புற விழுந்தேன். போதும் எனக்கு.

சுங்கைநிபோங் அங்கிள்:
எல்லாருக்கும் வணக்கம். நான் கைட் ஏறியவன் இல்லை. பத்து பெரிங்கியில் பாராசெய்லிங் போய், கயிறு தளர்ந்து கடலில் உட்கார்ந்தவன், அவ்வளவுதான் என் கதை. ஆனாலும் பெரியவன் என்ற முறையில் சில விஷயம் சொல்ல வேண்டும்.

முதலில், தனியாகப் போகாதீர்கள். கரையில் உங்களைத் தெரிந்த ஒருவர் நிற்க வேண்டும், அவர் கையில் போன் இருக்க வேண்டும். இரண்டாவது, தரையிலிருந்து கடல் பக்கம் வீசும் காற்றில் இறங்கவே கூடாது. பெரிங்கி கடற்கரை வடக்கே பார்த்தது, பின்னால் மலை. தென்மேற்குக் காற்று அந்த மலையைத் தாண்டித் திக்கித் திக்கி வரும், வந்தால் உங்களை வெளியே தள்ளும். மூன்றாவது, தலைக்கவசம். நான்காவது, அடி தாங்கும் இம்பேக்ட் வெஸ்ட். ஐந்தாவது, தண்ணீர் குடியுங்கள், வெறும் தே ஓ ஐஸ் போதாது. சாப்பிட்டவுடன் இறங்காதீர்கள். செகண்ட்ஹேண்ட் கைட் வாங்கினால் காற்றடித்து ராத்திரி முழுக்க வீட்டில் வைத்துப் பாருங்கள், காலையில் தொய்ந்திருந்தால் வாங்காதீர்கள். லைன்கள் நான்கும் ஒரே நீளமா என்று ஒரு கம்பத்தில் மாட்டி இழுத்துப் பாருங்கள். பாரின் சிவப்புப் பக்கம் இடது கைக்கு. ஜெல்லி மீன் கடிக்கு வினிகர் ஒரு போத்தல் காரில் இருக்கட்டும். பினாங்குத் தண்ணீரில் பெட்டி ஜெல்லி மீன் உண்டு, அது விளையாட்டு இல்லை. அப்புறம், போர்டு போய்விடுகிறது, தேடி நீந்த வேண்டியிருக்கிறது என்று கைட் ஏறுபவர்கள் புலம்புகிறார்களே, அலைச்சறுக்குக்காரர்கள் மாதிரி போர்டைக் காலோடு கட்டிக்கொண்டால் என்ன? என் மகனிடமும் இதைத்தான் சொன்னேன். கேட்கவில்லை.

பெரிங்கிபையன்:
அங்கிள், மற்ற எல்லாவற்றுக்கும் சல்யூட். கடைசியாகச் சொன்னதை, போர்டைக் காலோடு கட்டுவதை மட்டும் யாரும் செய்துவிடாதீர்கள். கைட் ஆளை இழுத்துக்கொண்டு போகும்போது போர்டு தண்ணீரில் புதைந்து நிற்கும், கயிறு ரப்பராக நீளும், அப்புறம் போர்டு திரும்பி வரும் இடம் உங்கள் பின்னந்தலை. அதனால்தான் பாடி டிராக்கில் காற்றுக்கு எதிரே போகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒரு கையால் பார், மறு கையைத் தண்ணீருக்குள் நீட்டித் துடுப்பாக வைத்து, இடமும் வலமும் மாறி மாறிக் குறுக்கே போக வேண்டும். போர்டு காற்றின் மேல்பக்கம் கிடக்கும், நேரே அதை நோக்கிப் போக முடியாது. எரிச்சலாகத்தான் இருக்கும். எனக்கு அதுதான் இதில் பிடித்த பகுதி, யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டேன் என்கிறார்கள்.

சரி, என் கதை. பெரிங்கியில் ஒரு காலை, வேலைக்குப் போகுமுன் சின்ன டிரெய்னர் கைட்டோடு கரையில் இருந்தோம். தென்மேற்குப் பருவம். காற்று சுத்தமாக இல்லை, கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது. மேற்கே ஒரு கறுப்புக் கோடு. ஜெட் ஸ்கீ வாடகைக்கு விடும் மலாய்க்கார அபாங் பேச்சில்லாமல் ஸ்கீக்களை மேலே இழுக்க ஆரம்பித்தார். நாங்கள், அட, காற்று வரப்போகிறது என்று சந்தோஷப்பட்டோம். அவர் எங்கள் பக்கம் வந்து, விரித்துக் கிடந்த கைட்டின் மேல் இரண்டு கை மணலை அள்ளிப் போட்டார், அப்புறம் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். எங்களுக்குக் கோபம். அடுத்த நிமிடம் சுமத்ரா என்கிற திடீர்ப் புயற்காற்று வந்து மோதியது. குளிர்காற்று, மணல் காலில் ஊசியாகக் குத்துகிறது, பிளாஸ்டிக் நாற்காலிகள் உருண்டு சாலைப் பக்கம் போகின்றன. அவர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். அந்தச் சின்னக் கைட் அப்போது மேலே இருந்திருந்தால் என் நண்பனும் நாற்காலிகளோடு போயிருப்பான். சுமத்ரா பெரும்பாலும் விடியலுக்கு முன்னாலிருந்து முற்பகலுக்குள் வரும், அதுவும் நாங்கள் போன அதே நேரம்தான்.

செபெராங்அப்பா:
என் பையனுக்குப் பதினான்கு வயது. 2024இல் மார்செய்ல் கடலில் சிங்கப்பூர்ப் பையன் மேக்ஸ் மேடர் ஒலிம்பிக் வெண்கலம் வாங்கினான், பதினேழு வயதில். அன்றிலிருந்து வீட்டில் இதே பேச்சு. இதையெல்லாம் படித்தபின் அவனை அனுப்பலாமா வேண்டாமா?

பேராய்மணி:
அண்ணே, அந்தப் பையன் ஓட்டியது ஃபார்முலா கைட், அடியில் ஃபாயில் என்ற நீர்ச்சிறகு வைத்த பந்தய வண்டி. நாம் பேசுவது டுவின் டிப் என்ற சாதாரணப் போர்டில் தத்தித் தத்தி எழும்புவதைப் பற்றி. இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அனுப்புங்கள், ஆனால் நல்ல இடத்துக்கு அனுப்புங்கள்.

பிஜேமலர்:
முதல் நாள் ரிலீஸைக் கையால் அடித்துக் காட்டச் சொல்லாத இடம் என்றால் திரும்பிக் கூட்டிவந்துவிடுங்கள். அதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யத் தெரிய வேண்டும்.

தோக்கோங்காரன்:
எல்லாருக்கும் நன்றி. மணி அண்ணே, ரிலீஸ் பற்றி நீங்கள் சொன்னதை ராத்திரியெல்லாம் யோசித்தேன், இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஹார்னஸில் செருகும் கொக்கிக்கத்தி ஒன்று வாங்கிவிட்டேன், வளைவுக்கு உள்ளே மட்டும் கூர். பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள், வலது பக்கம் மாட்டுவதா, இரண்டு கைக்கும் எட்டுகிற மாதிரி நடுவிலா?

பேராய்மணி:
நடுவில். ஆனால் ரிலீஸை மறைக்காமல்.

சுங்கைநிபோங் அங்கிள்:
கத்தி துருப்பிடிக்கும் தம்பி. ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணீரில் கழுவி, தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள்.

செபெராங்அப்பா:
பையனுக்காகக் கேட்கிறேன், பழைய கைட் பம்ப் யாரிடமாவது சும்மா கிடக்கிறதா? பட்டர்வொர்த்தில் வந்து எடுத்துக்கொள்கிறேன்.