தம்பலகாமக் குடாவுக்கு வரும் சத்துச்சுமை: பொறுப்பு வயலுக்கா, மலைக்கா, நகரத்துக்கா?

கரையோரன்:
கந்தளாய்க் குளத்து நீரில் விளையும் வயல்களின் வடிநீர் திருகோணமலைப் பக்கத்துத் தம்பலகாமக் குடாவில்தான் சேர்கிறது. அதோடு வந்து சேரும் நைதரசன், பொசுபரசு போன்ற பயிர்ச்சத்துகளைத்தான் சத்துச்சுமை என்கிறோம். யூரியாவைக் குறைக்க வேண்டும் என்ற பேச்சையே எல்லோரும் திரும்பத் திரும்பப் பேசுகிறோம். என் வாதம் வேறு. பெரும்போகத்துக்கு (மாரிகால நெற்செய்கைக்கு) சேறடித்து, விதைப்புக்கு முந்திய அடிக்கட்டுப் பசளை இட்டு, மட்டப்படுத்திய பின், விதைப்பதற்காகக் கலங்கிய நீரை வடிய விடுகிறோம். பொசுபரசு களிமண் துகளில் ஒட்டிக்கொள்வது. எனவே அந்தக் கலங்கல் வாய்க்காலில் இறங்கும்போது நாம் காசு கொடுத்து வாங்கிய பசளையின் ஒரு பங்கும் சேர்ந்தே இறங்குகிறது. ஓரிரு நாள் வரம்பை அடைத்து மண்ணைப் படிய விட்டு, அதன் பிறகு மேல்நீரை மட்டும் வடித்தால் இதில் பெரும்பகுதி வயலிலேயே தங்கும்.

வயற்காரன்:
பழியை வயலிலிருந்து தொடங்குவதே தவறு. 1976 முதல் கண்டிக்கு அருகே பொல்கொல்லவில் திருப்பப்படும் மகாவலி நீர் அம்பன் கங்கை வழியாக மின்னேரியாவுக்கும் கந்தளாய்க்கும் வருகிறது. நுவரெலியாச் சரிவுகளில் உருளைக்கிழங்குக்கும் கோவாவுக்கும் (முட்டைக்கோசுக்கும்) கொட்டப்படும் பசளையை நெல்லுக்கு இடுவதோடு ஒப்பிடவே முடியாது. மேலும், நீர் நிற்கும் வயலின் சேற்றில் ஒட்சிசன் இல்லாததால் பற்றீரியாக்கள் நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக மாற்றிவிடுகின்றன. நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்து மணல் தோட்டங்களில் வெங்காயத்துக்கு இடும் யூரியாவுக்கு அந்தத் தடை கிடையாது. அது நைத்திரேற்றாக மாறி நேரே கிணற்று நீருக்குப் போகிறது. அதைப் பற்றி ஏன் ஒருவரும் வாய் திறப்பதில்லை?

நீரேந்தி:
வெங்காயத் தோட்டம் பற்றிச் சொன்னது சரியே. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என உலக சுகாதார நிறுவனம் வகுத்திருப்பது, குறிப்பாகப் புட்டிப்பால் அருந்தும் குழந்தைகளை எண்ணித்தான். ஆனால் மலைநாட்டுச் சுமை முழுவதும் இங்கே வந்து சேர்கிறது என்பதை ஏற்க முடியாது. மண்ணோடு வரும் பொசுபரசு வழியிலுள்ள நீர்த்தேக்கங்களில் படிந்துவிடும். மலைநாட்டுக் கொத்மலை நீர்த்தேக்கத்தில் 1991இல், இந்தச் சத்தில் வளரும் பாசி போன்ற நீலப்பச்சை அல்கா பெருகியது அந்தப் படிவு எங்கே வேலை செய்கிறது என்பதற்குச் சான்று. கந்தளாய்க்குக் கீழே நம் வடிநீரை நிறுத்தி வைக்க அப்படி ஒரு தேக்கம் இல்லை. முன்பு அந்த வேலையைச் செய்தவை கரையோரச் சதுப்பும் கண்டலுமே. அவற்றை மண் நிரப்பி வளவாக்கிவிட்டு, வயற்காரரையும் தோட்டக்காரரையும் மோத விடுகிறோம். வீட்டு மலக்குழிகள் மணலில் கசிவது தனிக் கதை. அதற்குப் போகம் கூட இல்லை, ஆண்டு முழுவதும் நடப்பது.

வயற்காரன்:
சதுப்பு அழிந்ததற்கு நான் காரணமல்ல. வரம்பை அடைத்து வைக்கச் சொல்கிறீர்கள். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் அந்த இரண்டு நாளில் விதைப்புக் காலமே தவறிப்போகும். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே அறிவிப்பில் தடை செய்து, அதே ஆண்டு நவம்பரில் தளர்த்தினார்கள். விளைச்சலோ விழுந்தது. அந்த நட்டத்தை யார் கட்டினார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே கட்டுப்பாடு என்ற சொல்லைக் கேட்டாலே எங்களுக்கு அச்சம் வருவது இயல்பு.

கரையோரன்:
தடையை நான் கேட்கவில்லை. அந்த அறிவிப்பு முட்டாள்தனமானது என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். ஆனால் வடிவாய்க்கால் ஓர ஒதுக்கீட்டு நிலம் எவருடைய காணி உறுதிப் பத்திரத்திலும் இல்லை. அதில் புல்லும் நாணலும் நின்றால் கலங்கலின் வேகம் குறைந்து மண் படியும். இன்று அங்கே பல இடங்களில் கத்தரியும் வெண்டியும் நிற்கின்றன, அவற்றுக்கும் பசளை இடப்படுகிறது.

வயற்காரன்:
அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கத்தரியை நட்டிருப்பவர்களில் பலர் சொந்த வயல் இல்லாதவர்கள். அவர்களை எழுப்புவதற்கு முன் மாற்றுக் காணி எங்கே என்பதற்குக் கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் பதில் சொல்லுங்கள். பிறகு நாணல் நடுவதற்கு நானும் வருகிறேன்.