பழைய டிவிக்கு மலிவாக ஒரு மீடியா கணினி: எதை வாங்கலாம்?

கொள்ளிடக்கரை (கேள்வி)

வணக்கம். எங்கள் வீட்டில் 40 அங்குல, 1080பி டிவி ஒன்று இருக்கிறது. ஸ்மார்ட் வசதி இல்லையே தவிர படம் இன்றும் தெளிவாகத் தெரிவதால் அதை மாற்ற மனமில்லை. ஹார்ட் டிஸ்கில் சேர்த்து வைத்திருக்கும் திரைப்படங்களையும் குடும்ப விழா வீடியோக்களையும் பார்க்கவும், மொட்டை மாடியில் உள்ள டிடி ஃப்ரீ டிஷ் ஆன்டெனாவில் வரும் சேனல்களைப் பார்த்து, வேண்டியவற்றைப் பதிவு செய்துகொள்ளவும் ஒரு சிறு கணினியை அமைக்க விரும்புகிறேன். அம்மா ரிமோட்டை மட்டுமே பயன்படுத்துவார். பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் செலவிட இயலாது. ராஸ்பெரி பை என்ற கையளவு ஒற்றைப் பலகைக் கணினியை வாங்குவதா, பழைய கணினி ஒன்றைத் தேடுவதா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மின்பலகை

அலுவலகங்கள் கழித்துவிடும் சிறு கணினிகளையே முதலில் பாருங்கள். டெல் ஆப்டிபிளெக்ஸ் 3050 மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் எம்710கியூ போன்றவை சென்னை ரிச்சி தெருவிலும் இணையத்திலும் கிடைக்கின்றன. ஆனால் பெட்டியின் பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். இதே மாடல்கள் இன்டெல்லின் ஆறாம் தலைமுறை, ஏழாம் தலைமுறை ஆகிய இரண்டு ப்ராசஸர்களோடும் வந்திருக்கின்றன. உங்களுக்கு வேண்டியது ஏழாம் தலைமுறை. ஐ3-7100டி, ஐ5-7500டி என்று எண் 7-இல் தொடங்க வேண்டும். இப்போது வரும் படக்கோப்புகள் பலவும் 10 பிட் எச்.இ.வி.சி. முறையில் சுருக்கப்பட்டவை. அவற்றையும் யூடியூப் பயன்படுத்தும் வி.பி.9 வடிவத்தையும் முழுக்க அதற்கென்றே உள்ள வன்பொருளிலேயே விரித்துக் காட்டும் திறன் ஏழாம் தலைமுறையில்தான் வந்தது. ஆறாம் தலைமுறையில் அந்தச் சுமை ப்ராசஸர் மேல் விழும். விசிறி இரையும், படம் திக்கும்.

இந்தத் தலைமுறை மலிவாகக் கிடைப்பதற்கு ஒரு காரணமும் உண்டு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-ஓ, சில விலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும். அலுவலகத்துக்கு உதவாமல் போன இந்தப் பெட்டி, விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸில் இயங்கும் லிப்ரெலெக் (LibreELEC) அமைப்பையும் அதற்குள்ளிருக்கும், படங்களை ஓட்டிக் காட்டும் கோடி (Kodi) மென்பொருளையும் நிறுவினால் உங்கள் வேலைக்குத் தாராளமாகப் போதும். 4 ஜிபி ராமும் சிறிய எஸ்எஸ்டியும் இருந்தால் சரி. வாங்கும்போது அசல் அடாப்டரைக் கேட்டு வாங்குங்கள்; டெல் பெட்டிகள் அடாப்டரை அடையாளம் காணாவிட்டால் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும்.

தென்றல்முற்றம்

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அம்மா பயன்படுத்தப் போகிறார் என்பதை மறந்துவிடக் கூடாது. ராஸ்பெரி பையின் எச்.டி.எம்.ஐ. இணைப்பில் சி.இ.சி. வசதி உண்டு என்பதால், டிவியும் அதை ஏற்குமானால் டிவியின் ரிமோட்டே கோடியை இயக்கும். இந்த அலுவலகக் கணினிகளில் பொதுவாக அந்த வசதி இருப்பதில்லை, யு.எஸ்.பி.யில் செருகும் ரிசீவரோடு வரும் தனி ரிமோட் ஒன்று வாங்க வேண்டியிருக்கும். பை 4-உம் எச்.இ.வி.சி. படங்களை நன்றாகவே காட்டும். ஆயினும் பெட்டி, அடாப்டர், மெமரி கார்டு எல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் விலையில் பெரிய லாபம் இராது.

கட்டண ஓடிடி தளங்களுக்காக இதை வாங்க வேண்டாம். பதிப்புரிமைப் பாதுகாப்பு காரணமாக லினக்ஸ் கணினிகளுக்கு அவை பெரும்பாலும் உயர்தரப் படத்தைத் தருவதில்லை. அதற்கு டிவியில் செருகும் ஸ்டிக் ஒன்றே போதும்.

வான்குடை

ஃப்ரீ டிஷ் பற்றி யாரும் சொல்லவில்லையே. அது கிழக்கு 93.5 பாகையில் உள்ள ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. செயற்கைக்கோள் சேனல்களைக் கணினிக்குள் கொண்டுவரும், லினக்ஸ் டிரைவர் உள்ள டி.வி.பி.-எஸ்2 யு.எஸ்.பி. டியூனர் ஒன்றை வாங்கி, இப்போது செட்டாப் பாக்ஸில் மாட்டியிருக்கும் கேபிளை அதில் மாட்டுங்கள். லிப்ரெலெக்கிலேயே டிவிஹெட்எண்ட் என்ற துணை மென்பொருளை நிறுவினால், பூட்டப்படாத சேனல்களைக் கண்டுபிடித்துப் பட்டியலிட்டு, நேரம் குறித்தால் பதிவும் செய்யும். கட்டண டிடிஎச், கேபிள் சேனல்கள் பூட்டப்பட்டவை என்பதால் இதில் வாரா. சேனல் ஒன்று நொடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் வந்தால் ஒரு மணி நேரப் பதிவு 1.8 ஜிபி பிடிக்கும். உங்களிடமுள்ள ஹார்ட் டிஸ்கே போதும். பழைய பாக்ஸும் வேறு அறையில் ஓட வேண்டுமென்றால் ஆன்டெனாவின் முன்னால் இருக்கும் எல்.என்.பி. என்ற அலைவாங்கியை, இரண்டு கேபிள்களை மாட்டக்கூடிய இரட்டை எல்.என்.பி.யாக மாற்றுங்கள்.

கொள்ளிடக்கரை

மூவருக்கும் நன்றி. ஏழாம் தலைமுறைப் பெட்டியும் தனி ரிமோட்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். நண்பர் வீட்டில் இப்படி அமைத்ததில், திரையடியில் ஓடும் செய்தி வரிகள் விட்டுவிட்டு நகர்கின்றன. அதைத் தவிர்க்க வழி உண்டா?

வான்குடை

உண்டு. நம் சாதாரணத் தரச் சேனல்கள் நொடிக்கு 50 அரைப்படங்களாக (ஒரு வரி விட்டு ஒரு வரி மட்டும் கொண்ட படங்களாக) வருகின்றன. கணினியோ டிவிக்கு 60 ஹெர்ட்ஸில் அனுப்புகிறது. இரண்டும் பொருந்தாததால்தான் அந்தத் திக்கல். கோடியின் பிளேயர் அமைப்பில் "அட்ஜஸ்ட் டிஸ்ப்ளே ரெஃப்ரெஷ் ரேட்" என்பதை "ஆன் ஸ்டார்ட் / ஸ்டாப்" என்று மாற்றினால், சேனல் தொடங்கும்போது டிவி 50 ஹெர்ட்ஸுக்கு மாறிக்கொள்ளும். அந்த அரைப்படங்களை முழுப்படமாக்கும் டீஇன்டர்லேஸ் வசதியும் இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.